14. முகக்காசு

ஜிபாருக்கு வாய் நீளம் என்று போன வாரமே எழுதியிருந்தேன். வாய்க்கு ஏற்ற கையும் அவளுக்கு உண்டு என்பதை இந்த வாரம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அடுக்குமாடியின் முற்றத்தில், பூத்த அப்ரிகாட் மரத்துக்கும் துணி காயப்போடும் கம்பிக்கும் நடுவே அவள் ஒரு திரையைக் கட்டிவிட்டாள். பழைய ஜன்னல் திரைதான். ஆனால் புதுப்பெண்ணை உட்கார வைக்கும் திரையைப் போல இரண்டு பக்கமும் சிவப்பு ரிப்பன் வைத்துக் கட்டியிருந்தாள். பின்னால் இருந்தது புதுப்பெண் இல்லை. ஒரு சலவைத்தூள் அட்டைப்பெட்டி, அதற்குள் நான்கு பூனைக்குட்டிகள்.

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. பத்து நாளைக்கு முன், பூத்த மரத்தின் மேலேயே பனி கொட்டிய அந்தக் காலையில், கீழ்வீட்டுக் கமிலின் கார் எஞ்சினுக்குள் புகுந்து சூடு காய்ந்த குட்டிகள் இவை. கமில் சாவியைத் திருகினார். உள்ளேயிருந்து வந்த சத்தத்தில் அவரே இறங்கி ஓடினார். மூன்று குட்டிகளுக்குக் கண்ணில் சீழ். சொட்டு மருந்தில் தேறி வருகின்றன. நான்காவதான செவலைக்குட்டி, பின்னங்காலை எஞ்சின் பெல்ட்டில் கொடுத்துவிட்டது. ரிம்மா டாக்டர் கட்டுப் போட்டுப் பார்த்தார், ஊசி போட்டுப் பார்த்தார். சனிக்கிழமை மாலை கையை விரித்துவிட்டார்.

"நாளைக்கு நாலு மணிக்குள்ள ஆபரேஷன் பண்ணியாகணும். தள்ளிப்போட்டா காலும் போகும், குட்டியும் போகும்."

கம்பி, மயக்க மருந்து, கட்டு எல்லாமாகப் பதினெட்டாயிரம் சோம். ஜாக்கெட்டுக்கு ஜிப் தைத்துப் பிழைக்கிற வீட்டில் அவ்வளவு பணம் ஏது? அண்ணன் தாலாய் சைபீரியாவுக்கு லாரி ஓட்டிப் போயிருக்கிறான். மாதக் கடைசியில்தான் வருவான். போன வாரம் ஃபோனில் விளையாட்டாகச் சொன்ன முகக்காசு அப்போதுதான் ஜிபாருக்கு ஞாபகம் வந்தது.

நம்மிடம் புது முகம் எதையும் சும்மா பார்த்துவிட முடியாது. புதுப்பெண், பிறந்த குழந்தை, வாசலுக்கு வந்த புதுக் கார், எதுவானாலும் முதல் பார்வைக்குக் கையில் ஏதாவது வைத்தாக வேண்டும். கொடுக்காமல் எட்டிப் பார்த்தவன் பெயர் தெரு முழுக்க நாறும். பூனைக்குட்டிக்கும் இது செல்லும் என்று கண்டுபிடித்த ஒரே ஆள் ஜிபார்தான்.

"ஒரு போட்டோ காட்டேன் ஜிபார். பாத்துட்டு யோசிக்கிறேன்" என்றார் கமில்.

"கல்யாணத்தன்னிக்கு அண்ணியைப் பாக்கறதுக்கு முன்னாடியும் போட்டோ கேட்டீங்களாண்ணே?"

"என் வண்டிக்குள்ள இருந்த குட்டி. நான்தான் முதல்ல பாத்தவன்."

"நீங்க எங்க பாத்தீங்க? சத்தம் கேட்டு ஓடினீங்க."

முற்றமே சிரித்தது. கமில் முணுமுணுத்துக்கொண்டே இருநூறு சோமை டப்பாவில் போட்டுவிட்டுத் திரைக்குள் தலையை நுழைத்தார். வெகுநேரம் அந்தத் தலை வெளியே வரவில்லை. வந்தபோது இன்னொரு நூறை எடுத்துப் போட்டார்.

இதையெல்லாம் ஐந்தாவது மாடி ஜன்னலில் இருந்து ஜிபாரின் அண்ணி குமுஷாய் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இறங்கி வரவில்லை. நாற்பது ஜாக்கெட்டுக்கு ஜிப் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது ஒரு சாக்கு. நாத்தனாரோடு அவள் பேசி ஏழு நாள் ஆகிறது என்பதுதான் நிஜம். ஒரே சமையலறை, ஒரே டீக்கெண்டி. பேச்சு மட்டும் ஆறு வயது மகள் பெர்மெத் வழியாக. "அத்தையை உப்பு எடுக்கச் சொல்லு." "உப்பு தீந்துபோச்சுன்னு அம்மாகிட்ட சொல்லு."

கோபத்துக்குக் காரணம் ஒரு நேரலை.

ஏழு வருடத்துக்கு முன் குமுஷாய் தாலாயோடு ஓடிவந்தாள். அவள் வடக்கே நாரின்காரி, அவன் தெற்கே ஓஷ்காரன். "மலைக்கு அந்தப் பக்கத்தான் வேணாம்" என்று சொன்ன அம்மா புருல், சொன்ன சொல்லில் நின்றாள். கோபம் தணிக்க மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய ஆட்டை, கழுத்தில் கட்டிய கயிறுகூட அவிழாமல், திருப்பி அனுப்பினாள். அடுத்த வருடம் பெர்மெத் பிறந்தாள். தாலாய் பக்கத்து ஜனம் எல்லாம் வந்து முகக்காசு வைத்துப் பார்த்தது. நாரினிலிருந்து யாரும் வரவில்லை.

அன்றைக்குக் குமுஷாய் மனதில் ஒன்றை முடிந்துகொண்டாள். குழந்தையின் படம் ஒன்றைக்கூட அவள் எங்கேயும் போடவில்லை. யார் கேட்டாலும் அனுப்பவில்லை. அம்மா ஒருநாள் வருவாள், வாசலில் நிற்பாள், முதல் பார்வை அங்கேதான் விழ வேண்டும். ஆறு வருடமாக அந்த ஒரு பார்வையை அம்மாவுக்காக எடுத்து வைத்திருந்தாள்.

போன ஞாயிறு ஜிபார் கேட்காமல் கொள்ளாமல் ஃபோனில் நேரலை போட்டுவிட்டாள். குட்டிகள் பெட்டிக்குள் மூடி இருந்தன. சும்மா காட்டக்கூடாது அல்லவா. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, "காசு குடுக்காம யாரும் பாக்கக்கூடாது, ஆமா" என்று விரலை ஆட்டி மிரட்டியது பெர்மெத். பூனையின் முகம் பத்திரமாக இருந்தது. பிள்ளையின் முகம் ஊரெல்லாம் போய்விட்டது.

பகல் ஒரு மணிக்குக் குமுஷாயின் ஃபோன் அடித்தது.

"குமுஷாய்தானேம்மா? நான் எசென், நாரின் டாக்ஸி. உங்களுக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்திருக்கேன். மேற்கு பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்."

"யார் குடுத்தாங்க?"

"உங்கம்மாதான்."

தையல் மிஷின் மிதியில் இருந்த காலை அவள் எடுக்கவில்லை. ஊசி ஜிப்பைத் தாண்டி வெறும் துணியில் ஓடிக்கொண்டே இருந்தது.

பெர்மெத்தின் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தபோது ஜிபார் குறுக்கே வந்தாள். "எங்க போறீங்க அண்ணி?" ஏழு நாளில் இதுதான் முதல் நேர்ப் பேச்சு.

"எங்கம்மா ஏதோ குடுத்தனுப்பியிருக்காங்க."

ஜிபார் டப்பாவைக் கையில் பிடித்தபடியே நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

பஸ் ஸ்டாண்டில் எசென் காரின் முன்பக்கத்தில் சாய்ந்து சம்சா தின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, சட்டைக்கு உள்ளேயிருந்து ஒரு வெள்ளைத் தலைத்துணி முடிச்சை எடுத்தார். டிக்கியில் போடாமல் மார்போடு வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"எங்க ஊர்க் கடையில என் சம்சாரம் ஃபோன்ல பூனை வீடியோவைப் பாத்துட்டு இருந்தா. உங்கம்மா சீனி வாங்க வந்தாங்க. இது யார் குழந்தைன்னு கேட்டாங்க. வீடியோ போட்டவ பேரைப் பாத்து இவ உளறிட்டா."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. திரும்பப் போடச் சொன்னாங்க. மூணு தடவை." எசென் பெர்மெத்தைப் பார்த்துச் சிரித்தார். "நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதைக் குடுத்தாங்க. 'பாத்துட்டேன். பாத்த முகத்துக்குக் காசு வைக்காம இருக்க முடியாது. அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல'ன்னாங்க."

"உடம்பு எப்படி இருக்காங்க?"

"முழங்கால்தான் படுத்துது. கடை வாசல்ல மூணு படி. அதுக்கே கம்பு வேணும், ஒரு கை பிடிக்கணும்." காருக்குள் கையை விட்டுச் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னார். "அந்தத் துணியைத் திருப்பி அனுப்பச் சொன்னாங்க. அஞ்சு மணிக்குக் கிளம்புவேன்."

துணியைக்கூட என்னிடம் விட மனசில்லையா? குமுஷாய் முடிச்சோடு நகர்ந்தாள்.

ஸ்டாண்டின் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். ஒன்பது ஐநூறு சோம் நோட்டுகள். எட்டும் இல்லை, பத்தும் இல்லை. மரியாதைக்குக் கொடுப்பது ஒன்பதாகத்தான் இருக்க வேண்டும், அதில் அம்மா தவற மாட்டாள். ஒவ்வொரு நோட்டும் இஸ்திரி போட்டிருந்தது. நல்ல காரியத்துக்குக் கசங்கிய நோட்டு கொடுக்கக்கூடாது என்று ஈரத்துணிக்கு அடியில் வைத்துத் தேய்ப்பாள். துணியில் வீட்டு அடுப்புப் புகையின் வாசனை இருந்தது. குமுஷாய் அதை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. திட்டினாலும் பரவாயில்லை, எதிரே நின்று திட்டட்டும்.

"இது யார் காசும்மா?" என்றாள் பெர்மெத்.

"உன் காசு. உன் முகத்தைப் பாத்ததுக்கு."

"பூனைக்குட்டிக்கு மாதிரியா?"

"ஆமா. பூனைக்குட்டிக்கு மாதிரி."

அப்போதுதான் ஜிபார் அழைத்தாள். குரலில் கிண்டல் இல்லை. "அண்ணி, நான் ஆஸ்பத்திரியில இருக்கேன். செவலையோட விரல் கறுக்க ஆரம்பிச்சிடுச்சு. டாக்டர் நாலு மணி வரைக்கும்கூட வேணாம், இப்பவே பண்ணணும்கறாங்க. டப்பாவுல பதிமூணாயிரம்தான் சேந்திருக்கு."

குமுஷாய் மடியில் இருந்த நோட்டுகளைப் பார்த்தாள். ஏழு வருடத்தில் அம்மாவின் கையிலிருந்து வந்த ஒரே பொருள். அதை ஒரு பிரேமுக்குள் போட்டு மாட்டலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்திருந்தாள்.

"வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரி வரைக்கும் மினி பஸ்ஸில் நின்றுகொண்டே போனார்கள். பெர்மெத் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று குமுஷாய்க்குத் தோன்றியது.

ஜிபாரின் பழைய ஸ்வெட்டருக்குள் செவலை கிடந்தது. மூச்சு விடும்போது வயிறு மட்டும் ஏறி இறங்கியது. பெர்மெத் ஒரு விரலை நீட்டினாள். அது கண்ணைத் திறக்காமலே அந்த விரலை நக்கியது.

குமுஷாய் துணியை மேஜைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். எட்டு நோட்டை எண்ணி வைத்தாள். ஒன்பதாவது கையிலேயே நின்றது.

ஜிபார் நோட்டைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. "அண்ணி, இது வேணாம். எடுத்து உள்ள வைங்க. நான் கமில் அண்ணன்கிட்ட இன்னொரு தடவை கேட்டுப் பாக்கறேன்."

"கமில் பர்ஸைத் திறக்கறதுக்குள்ள இது வளர்ந்து எலி பிடிக்கும். பேசாம இரு."

"இன்னும் ஆயிரம் குறையுது" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

உள்ளேயிருந்து ரிம்மா டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே வந்தார். ரஷ்யக்காரர், முப்பது வருடம் நம்மோடு இருந்ததில் நம் வழக்கமெல்லாம் அத்துபடி. "நான் இதுங்களை முதல் நாளே பாத்துட்டேன். முகக்காசு வைக்கவே இல்ல. என் கணக்குல ஐநூறு கழிச்சுக்கோ" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, ஸ்வெட்டரோடு குட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இன்னும் ஐநூறு. ஜிபார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்றாள் பெர்மெத், "அது என் காசுதானே?"

குமுஷாய் ஒன்பதாவது நோட்டை மற்ற எட்டின் மேல் வைத்தாள். இஸ்திரி போட்ட நோட்டு என்பதால் வழுக்கிக்கொண்டு போயிற்று. அவளே பிடித்துச் சரியாக வைத்தாள். பிறகு வெளியே போய்ச் சுவரோரமாக நின்று அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஜிபார் வந்து பக்கத்தில் நின்றாள். "நேரலை போட்டது தப்புதான் அண்ணி."

"ஆமா, தப்புதான்."

"நீங்க அந்த முதல் பார்வையை எடுத்து வெச்சிருந்தீங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா பெட்டிக்கு முன்னாடி கமில் அண்ணனை உக்கார வெச்சிருப்பேன். அந்த மூஞ்சியை யார் பாத்தா என்ன?"

குமுஷாய்க்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "காசை அனுப்பிட்டு, துணியைத் திருப்பிக் கேட்டிருக்காங்க ஜிபார். ஒரு துணி. அதைக்கூட எங்கிட்ட விடல."

ஜிபார் அண்ணியை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அண்ணி, நீங்க நாரின்காரிதானே? பாத்திரமோ துணியோ, நம்ம ஆளுங்க யாராவது வெறுமனே திருப்பி அனுப்புவாங்களா? வெறுமனே வராதுன்னு தெரியாமலா கேட்டிருப்பாங்க?"

இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று குமுஷாய்க்கே விளங்கவில்லை. ஏழு வருடமாக அம்மாவின் கோபத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, அம்மா தன்னிடம் ஏதாவது எதிர்பார்த்தும் கேட்பாள் என்பதே மறந்து போயிருந்தது.

"மணி மூணேகால்" என்றாள் ஜிபார். "என்ன வைக்கப் போறீங்க? மிட்டாயா? டீத்தூளா? நல்ல போட்டோ ஒண்ணு எடுத்து..."

"போட்டோ வேணாம். மறுபடியும் முகக்காசு கேக்கற மாதிரி ஆயிடும்."

கைப்பையைத் துழாவினாள். சாவி, பஸ் சீட்டு, பாதி தின்ற பொர்சோக் ரொட்டி, கடைசியில் ஒரு சிவப்பு நூல்கண்டு. பெர்மெத்தை ஆஸ்பத்திரிச் சுவரோடு சாய்த்து நிற்க வைத்தாள்.

"குதிகாலைத் தூக்காதே. ஏமாத்தாதே. நேரா நில்லு."

நூலின் ஒரு முனையைக் குழந்தையின் காலடியில் வைத்து, தலை உச்சி வரை இழுத்து, பல்லால் கடித்து அறுத்தாள். அம்மாவும் தையல்காரிதான். குமுஷாய்க்கு மிஷின் மிதிக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். அளவு நூலைக் கையில் எடுத்தால் ஆள் எவ்வளவு உயரம் என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். பேத்தி தன் இடுப்புக்கு வருவாளா, அதற்கும் மேலா என்று வீட்டில் தனியாக நின்று வைத்துப் பார்த்துக்கொள்வாள்.

நூலை விரலில் சுற்றித் துணியின் நடுவில் வைத்து முடிந்தாள். ஜிபார் ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று விட்டுவிட்டாள். அன்றைக்கு இரண்டாவது முறை.

ஜிபாரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். வழியெல்லாம் நெரிசல். பஸ் ஸ்டாண்டுக்குள் ஓடும்போது மணி ஐந்தாக இரண்டு நிமிடம். எசென் எஞ்சினை ஓடவிட்டிருந்தார். பின்சீட்டில் மூன்று பேர் மூட்டை முடிச்சோடு நெருக்கியடித்திருந்தார்கள். குமுஷாய் மூச்சு வாங்க முடிச்சை நீட்டினாள்.

அவர் கையில் வாங்கி எடை பார்த்தார். "ரொம்ப லேசா இருக்கே. உள்ள ஏதாவது வெச்சீங்களா? வெறும் துணியா இருந்தா எனக்குத்தான் திட்டு விழும்."

"இருக்கு. அம்மாவுக்குத் தெரியும்."

முடிச்சு மறுபடியும் அவர் சட்டைக்குள் போயிற்று. அந்த நேரம் ஜிபாரிடமிருந்து செய்தி வந்தது. கம்பி வைத்தாகிவிட்டது, செவலை இன்னும் மயக்கத்தில்தான் இருக்கிறது, கால் நிற்குமா என்று நாளைக் காலையில்தான் தெரியும். கீழே இன்னொரு வரி: மயக்கத்திலும் ரிம்மா டாக்டரின் கையுறையைக் கடித்து வைத்திருக்கிறது, உங்கள் வீட்டு ரத்தம்தான் அண்ணி.

கார் கிளம்பியது. பத்தடி போய் நின்றது. எசென் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"அட, மறந்தே போயிட்டேன். முக்கியமா கேட்டுட்டு வரச் சொன்னாங்க. நீங்க எத்தனாவது மாடின்னு. லிஃப்ட் இருக்கான்னும்."

லிஃப்ட் இல்லாத கட்டடம். எழுபத்தெட்டுப் படி. மிஷினைத் தூக்கிக்கொண்டு ஏறிய நாளில் குமுஷாய் ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறாள்.

"கீழ் வீடுதான்" என்றாள். "படியே கிடையாதுன்னு சொல்லுங்க."

பெர்மெத் சட்டென்று நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். குமுஷாய் அந்தச் சின்னக் கையை ஓர் அழுத்து அழுத்தினாள். எசென் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார். கார் கேட்டைத் தாண்டித் திரும்பும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

"அம்மா, நாம அஞ்சாவது மாடியிலதானே இருக்கோம்?"

"ஆமா."

"அப்ப அவங்க எப்படி ஏறுவாங்க?"

"வந்து கீழே நிக்கட்டும்டி. மேல நான் தூக்கிட்டுப் போறேன்."